நிலப் பதிவுகளின் அட்ரிபியூட் தானாகப் புதுப்பிக்கப்பட: எந்த ஃபீல்டுக்கு எந்த வழி?

வரைபட மென்பொருளில் ஒரு நிலத் துண்டை இரண்டாக வெட்டச் சில நொடிகள் போதும். வெட்டிய பிறகு, துண்டுகளின் விவரங்கள் (அட்ரிபியூட்) இருக்கும் அட்டவணையில் செய்ய வேண்டிய வேலைதான் நீளும். அந்த அட்டவணையின் ஒவ்வொரு பத்தியும் ஒரு ஃபீல்டு. இரண்டு துண்டுக்கும் புதிய உட்பிரிவு எண் வேண்டும். பரப்பளவைத் திரும்பக் கணக்கிட வேண்டும். எந்த ஆவணத்தின்படி பிரிந்தது, பழைய துண்டு என்றைக்கு முடிவுக்கு வந்தது, திருத்தியவர் யார் என்பதெல்லாம் ஏற வேண்டும். மென்பொருளைச் சும்மா விட்டால் பெரும்பாலும் அது செய்வது ஒன்றுதான்: பழைய மதிப்புகளை அப்படியே இரண்டு துண்டிலும் நகலெடுத்து வைக்கும். விளைவு, ஒரே எண்ணில் இரண்டு நிலங்கள், இரண்டுக்கும் பழைய முழுப் பரப்பளவு.

இதைத் தானியங்கியாக்க வழிகளுக்குப் பஞ்சமில்லை. ஃபீல்டு கால்குலேட்டர், படிவத்தில் வைக்கும் இயல்பு மதிப்பு, பைத்தான் ஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் ட்ரிகர் (தரவு மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் சிறு நிரல்), எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ மென்பொருளில் உள்ள அட்ரிபியூட் ரூல், இரவில் ஓடும் ஒத்திசைவு, எதையும் நகலெடுக்காமல் வியூ (சேமித்து வைத்த வினவல்) மூலம் இணைத்துக் காட்டுவது என்று நீள்கிறது பட்டியல். "இதில் எது நல்லது?" என்று கேட்பவர்கள் பொதுவாக ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து எல்லா ஃபீல்டையும் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அதன் மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்துத்தான் வழியை முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

நிலத் துண்டு அட்டவணையில் இருக்கும் ஃபீல்டுகள் ஏறக்குறைய நான்கு இடங்களிலிருந்து வருகின்றன. பரப்பளவு, சுற்றளவு, எந்த வார்டுக்குள் விழுகிறது, எந்த மண்டலத்தைத் தொடுகிறது போன்றவை வடிவத்திலிருந்தே கணக்கிடக் கூடியவை. உரிமையாளர், வரி நிலை, ஆவண எண் ஆகியவை வேறொரு பதிவேட்டில் பிறக்கின்றன. வரைபடம் அவற்றைக் கடன் வாங்குகிறது, அவ்வளவுதான். நிலத்தின் பயன்பாடு, எல்லைத் தகராறு உண்டா என்பது போன்றவற்றை ஒரு மனிதர் பார்த்துத்தான் சொல்ல முடியும். கடைசியாக, யார் எப்போது திருத்தினார் என்ற தடயம்.

பரப்பளவில் ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் எழுதிய பரப்பளவும் வரைபடத்தில் கணக்கிட்ட பரப்பளவும் இரண்டு வேறு தகவல்கள். முதலாவது சட்ட ஆவணத்தின் வாசகம், இரண்டாவது அளவீடு. இரண்டுக்கும் ஒரே ஃபீல்டை வைத்து அதன் மேல் தானியங்கிக் கணக்கை ஓட்டினால், ஆவணத்தில் இருந்த எண் ஓசையில்லாமல் அழிந்துபோகும். ஆர்க்ஜிஐஎஸ்ஸில் நிலத் துண்டுகளை நிர்வகிப்பதற்கான பார்சல் ஃபேப்ரிக் என்ற அமைப்பு இதற்காகவே 'கூறிய பரப்பளவு', 'கணக்கிட்ட பரப்பளவு' என்று தனித்தனி ஃபீல்டு வைத்திருக்கிறது. எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் அந்தப் பிரிவினையைக் கடைப்பிடியுங்கள்.

ஃபீல்டு கால்குலேட்டரும் படிவ இயல்பு மதிப்பும்

ஒரு சூத்திரத்தால் ஃபீல்டை நிரப்பும் ஃபீல்டு கால்குலேட்டர் ஒருமுறை வேலைக்கு நல்ல கருவி. பழைய தரவைச் சுத்தம் செய்ய, புதிதாகச் சேர்த்த ஃபீல்டை நிரப்ப இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் இதைத் தானியங்கி என்று சொல்ல முடியாது. யாராவது நினைவு வைத்து ஓட்ட வேண்டும். ஓட்டிய மறுநிமிடம் ஒரு எல்லை நகர்ந்தால் எண் பழையதாகிவிடும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் சில துண்டுகள் தேர்வில் இருந்தால் 'தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் புதுப்பி' என்ற பெட்டியில் தானாகவே டிக் விழுந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பாதி அட்டவணை புதியதும் பாதி பழையதுமாக நிற்கும். கணக்கும் எந்தச் சூத்திரத்தால் என்பதைப் பொறுத்து மாறும்: டாலர் குறியோடு வரும் ஏரியா ($area), புராஜெக்டில் அமைத்த எலிப்சாய்டின்படி (பூமியின் வளைந்த வடிவின்படி) கணக்கிடுகிறது. சாதாரண ஏரியா ஃபங்ஷன் லேயரின் (தரவு அடுக்கின்) கோஆர்டினேட் முறையில் தட்டையாகக் கணக்கிடுகிறது. லேயர், இணைய வரைபடங்களில் பரவலாக உள்ள வெப் மெர்கேட்டர் முறையில் இருந்தால் இரண்டாவது கணக்கு 45 டிகிரி அட்சரேகையில் ஏறக்குறைய இரு மடங்கும், 60 டிகிரியில் நான்கு மடங்கும் காட்டும். நிலப் பதிவில் இப்படி ஒரு பிழை தங்கவே கூடாது.

படிவ இயல்பு மதிப்பு இதைவிட ஒரு படி மேல். கியூஜிஐஎஸ்ஸில் ஒரு ஃபீல்டுக்கு எக்ஸ்பிரஷன் (சூத்திரம்) எழுதி, 'திருத்தும்போதும் இயல்பு மதிப்பைப் பயன்படுத்து' என்று குறித்துவிட்டால், முனையை நகர்த்தியவுடனேயே பரப்பளவு மாறும், தேதியும் பயனர் பெயரும் ஏறும். டேட்டாபேஸ் அறிவு தேவையில்லை, செலவும் இல்லை. ஒருவரோ இருவரோ ஒரே புராஜெக்டில் வேலை செய்யும் இடத்துக்கு இது தாராளமாகப் போதும். துண்டை வெட்டும்போது ஒவ்வொரு ஃபீல்டும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் புதிய பதிப்புகளில் அமைக்கலாம்: நகலெடுக்க, காலியாக்க, பரப்பளவின் விகிதத்தில் பங்கிட. பத்திரப் பரப்பளவை விகிதத்தில் பங்கிடச் சொல்வது பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் உட்பிரிவு ஆவணத்தில் வேறு எண் இருக்கலாம். அதைக் காலியாக்கச் சொல்லி, மனிதரைக்கொண்டு நிரப்புவதே சரி.

இதன் பலவீனம், விதி தரவோடு ஒட்டியிருக்காது என்பது. அது புராஜெக்ட் கோப்பில் அல்லது லேயரின் ஸ்டைல் அமைப்பில் இருக்கிறது. வேறொருவர் அதே லேயரைப் புதிய புராஜெக்டில் திறந்தால் விதி கிடையாது. வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாலும் கிடையாது. மதிப்பைச் சேமிக்காமல் கணக்கிட்டுக் காட்டும் கியூஜிஐஎஸ்ஸின் விர்ச்சுவல் ஃபீல்டுக்கும் இதே நிலைதான். அது எப்போதும் புதிய கணக்கையே காட்டும், ஆனால் அந்த ஒரு புராஜெக்டுக்குள் மட்டும்.

ஸ்கிரிப்ட்

பைத்தான் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் எல்லோரும் முதலில் போகும் வழி இது. ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பைத்தான் தொகுப்பான ஆர்க்பையில், 10.1 பதிப்பில் வந்த டிஏ மாட்யூலின் அப்டேட் கர்சர் (அட்டவணையை வரி வரியாகப் படித்து மாற்றும் கருவி) பழைய கர்சரைவிடப் பலமடங்கு வேகமானது. பதிவேட்டுத் தரவை முதலில் டிக்ஷனரியில் ஏற்றிக்கொண்டு, பிறகு கர்சரால் ஒரே சுற்றில் எழுதுவது நல்ல முறை. கியூஜிஐஎஸ் பக்கத்தில் அதற்கு இணையான பைகியூஜிஐஎஸ் இருக்கிறது. அங்கே டேட்டா புரவைடர் வழியாக, அதாவது தரவு மூலத்திலேயே நேரடியாக எழுதினால் வேகம் கிடைக்கும், ஆனால் அந்த மாற்றத்தை அன்டூ செய்ய முடியாது.

ஸ்கிரிப்டின் பலம், எந்தச் சிக்கலான தர்க்கத்தையும் எழுதலாம் என்பது. பலவீனம், அது ஓடும் நேரத்தில் மட்டுமே தரவு சரியாக இருக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே யார் எதைத் திருத்தினாலும் அதற்குத் தெரியாது. ஷெட்யூலர் வைத்து இரவில் ஓடவிட்ட ஸ்கிரிப்ட், கடவுச்சொல் மாறியதால் நின்றுபோய், வாரக் கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. ஆகவே ஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுத்தால், தோல்வி மட்டுமல்ல, வெற்றியும் ஒரு அட்டவணையில் பதிவாக வேண்டும்: எப்போது ஓடியது, எத்தனை வரி பார்த்தது, எத்தனை மாற்றியது.

இன்னொன்று, மதிப்பு உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் எழுதுங்கள். எல்லா வரியிலும் அதே மதிப்பைத் திரும்ப எழுதும் ஸ்கிரிப்ட், 'கடைசியாகத் திருத்திய நாள்' என்ற ஃபீல்டை ஒரே இரவில் பயனற்றதாக்கிவிடும். எந்தத் துண்டு எப்போது மாறியது என்பது நிலப் பதிவின் உயிர்நாடி. அதை இழந்தால் திரும்பப் பெற வழியில்லை.

டேட்டாபேஸ் ட்ரிகர்

வடிவத்திலிருந்து பிறக்கும் ஃபீல்டுகளுக்கும் தடயத்துக்கும் என் முதல் தேர்வு இதுதான். காரணம் எளிது: தரவு இருக்கும் இடத்திலேயே விதியும் இருக்கிறது. கியூஜிஐஎஸ்ஸிலிருந்து திருத்தினாலும், வலைச் செயலியிலிருந்து வந்தாலும், யாரோ நேரடியாக எஸ்கியூஎல் கட்டளை எழுதினாலும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ட்ரிகர் ஓடியே தீரும். பயனர் எதையும் நினைவு வைக்க வேண்டியதில்லை.

பரப்பளவுக்கு மட்டும் என்றால் ட்ரிகர்கூட வேண்டாம். போஸ்ட்கிரஸ் 12-இல், அதாவது 2019-இல் வந்த ஜெனரேட்டட் காலம் (generated column, தானே கணக்கிட்டுக்கொள்ளும் பத்தி) போதும். அந்த வரியில் உள்ள வடிவத்திலிருந்து தானே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும், யாரும் கையால் அதை மாற்ற முடியாது. ஆனால் அதற்குத் தன் வரியைத் தவிர வேறெதுவும் தெரியாது. எந்த வார்டு என்று கேட்டால் வார்டு அட்டவணையைப் பார்க்க வேண்டும், அங்கே ட்ரிகர்தான் கைகொடுக்கும்.

ட்ரிகர் எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வார்டைக் கண்டுபிடிக்க 'வெட்டிக்கொள்கிறதா' என்று மட்டும் கேட்டால், எல்லையில் இருக்கும் துண்டுக்கு இரண்டு வார்டும் விடையாக வரும். பொது எல்லைக்கோட்டைத் தொடுவதே வெட்டிக்கொள்வதாகத்தான் கணக்கு. மையப்புள்ளியை வைத்துப் பார்க்கலாம் என்றால், எல் வடிவத் துண்டின் மையப்புள்ளி துண்டுக்கு வெளியேயே விழலாம். துண்டுக்குள் நிச்சயமாக விழும் புள்ளியைத் தரும் ஃபங்ஷன், போஸ்ட்கிரஸில் வரைபடத் தரவைக் கையாள உதவும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். இன்னும் சரியானது, எந்த வார்டோடு பொதுப் பரப்பு அதிகமோ அதை எடுத்துக்கொள்வது. துண்டு உண்மையிலேயே இரண்டு மண்டலங்களில் பரவியிருந்தால் அதை ஒரு ஃபீல்டில் அடைக்கப் பார்க்காமல், தனி அட்டவணையில் துண்டும் மண்டலமும் விகிதமுமாக எழுதுங்கள்.

வடிவம் மாறியதா என்று பழையதையும் புதியதையும் ஒப்பிட்ட பிறகே கனமான கணக்கைச் செய்ய வேண்டும். இங்கே பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி உண்டு. போஸ்ட்ஜிஐஎஸ் 2.4-க்கு முன்னால் சமக்குறி இரண்டு வடிவங்களின் சுற்றுப்பெட்டியை மட்டுமே ஒப்பிட்டது. பெட்டி மாறாமல் உள்ளே ஒரு முனை நகர்ந்தால் ட்ரிகர் 'மாறவில்லை' என்று முடிவு செய்துவிடும். 2.4 முதல் முனைகளையே ஒப்பிடுகிறது.

பலரும் மறந்துவிடுவது எதிர்த்திசை. துண்டு நகர்ந்தால் வார்டைத் திரும்பப் பார்க்கிறோம், சரி. வார்டின் எல்லையே மாறினால்? துண்டு அட்டவணையில் யாரும் கை வைக்காததால் அங்குள்ள ட்ரிகர் அசையாது. வார்டு அட்டவணையிலும் ஒரு ட்ரிகர் வேண்டும், அல்லது அந்த மாற்றம் அபூர்வம் என்றால் அப்போது மட்டும் ஓட்ட ஒரு மறுகணக்கு ஃபங்ஷன் வேண்டும். இரண்டு பக்கமும் ட்ரிகர் வைத்து, ஒன்று மற்றொன்றைத் தட்டியெழுப்பி முடிவில்லாமல் சுற்றாதபடி பார்த்துக்கொள்வதும் எழுதுபவரின் பொறுப்பு.

திரையில் திருத்துபவருக்கு ஒரு குழப்பம் வரலாம். சேமித்த பிறகுதான் ட்ரிகர் ஓடுகிறது, ஆகவே படிவத்தில் அவர் பார்ப்பது பழைய எண். போஸ்ட்கிரஸின் நோட்டிஃபை செய்தியைக் கேட்டு லேயரைப் புதுப்பிக்கும் அமைப்பு கியூஜிஐஎஸ்ஸில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் சேமித்தவுடன் திரையும் மாறும். இதைச் செய்யாமல் விட்டால், "கணினி கணக்கே போடவில்லை" என்று நினைத்துக் கையால் எண்ணை நிரப்பத் தொடங்கிவிடுவார்கள்.

ட்ரிகருக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. எழுதியவர் வேலை மாறிப் போனால், எண் ஏன் தானாக மாறுகிறது என்று புதியவர் தேடித் திணறுவார். ஒவ்வொரு ட்ரிகரையும் பெயர், நோக்கம், தொடும் ஃபீல்டுகளோடு எழுதி வைக்காத இடத்தில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அட்ரிபியூட் ரூலும் பார்சல் ஃபேப்ரிக்கும்

முன்பு, ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவுக்கு முந்தைய மென்பொருளான ஆர்க்மேப்பில் அட்ரிபியூட் அசிஸ்டன்ட் என்ற ஆட்-இன் இருந்தது. ஒரு அட்டவணையில் விதிகளை வரிவரியாக எழுதினால், திருத்தும்போது அது மதிப்புகளை நிரப்பும். இன்னும் அதை நம்பியிருப்பவர்கள் இடம் மாறியே ஆக வேண்டும். ஆர்க்மேப்புக்கான ஆதரவு முடியும் நாளாக எஸ்ரி அறிவித்தது 2026 மார்ச் 1.

அதன் இடத்தைப் பிடித்திருப்பது ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவின் அட்ரிபியூட் ரூல். எஸ்ரியின் ஆர்கேட் மொழியில் எழுதி, தரவு இருக்கும் ஜியோடேட்டாபேஸிலேயே சேமிப்பதால், ட்ரிகரைப் போலவே விதி தரவோடு பயணிக்கிறது. இதில் மூன்று வகை: மதிப்பைக் கணக்கிடுவது, தவறான திருத்தத்தை அங்கேயே செய்தியோடு மறுப்பது, இருக்கும் தரவைப் பின்னர் சோதித்துப் பிழைகளைக் குறிப்பது. நிலப் பதிவுக்கு இரண்டாவது வகையை மிகவும் மதிக்கிறேன். உட்பிரிவு எண் இல்லாமல் ஒரு துண்டைச் சேமிக்கவே விடாது என்பது, பின்னால் தேடித் திருத்துவதைவிட எவ்வளவோ மேல். அட்டவணையில் குளோபல் ஐடி (ஒவ்வொரு வரிக்கும் தனித்த அடையாள எண்) இருப்பது கட்டாயம். விதி சேர்த்த பிறகு அந்த லேயரை ஆர்க்மேப்பில் திருத்த முடியாது. ஆகவே பாதிப் பேர் பழைய மென்பொருளில் இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம்.

பார்சல் ஃபேப்ரிக் இன்னும் ஆழமாகப் போகிறது. அங்கே ஒவ்வொரு மாற்றமும் ஒரு ஆவணப் பதிவின் பெயரில்தான் நடக்கும். பிரிக்கும்போது புதிய துண்டில் 'இந்தப் பதிவால் உருவானது' என்றும் பழையதில் 'இந்தப் பதிவால் ஓய்வு பெற்றது' என்றும் தானாக ஏறும். பழைய துண்டு அழியாமல் வரலாறாக நிற்கும். கைவசம் ஆர்க்ஜிஐஎஸ் உரிமம் இருந்து, வேலையின் பெரும்பகுதி பிரிப்பதும் சேர்ப்பதுமாக இருந்தால், இதை நீங்களே ட்ரிகரால் கட்டி எழுப்புவது வீண் உழைப்பு. உரிமம் இல்லையென்றால், ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு ஃபீல்டு வைத்து, எதையும் அழிக்காமல் முடித்து வைக்கும் முறையைப் போஸ்ட்கிரஸிலும் கொண்டுவரலாம். நில நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 19152 தரம் 2012-இல் வெளியானபோதே ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஆயுட்காலத் தொடக்கமும் முடிவும் வைத்தது.

வேறு பதிவேட்டிலிருந்து வரும் தகவல்

உரிமையாளர் பெயரை வரைபட அட்டவணையில் நகலெடுத்து வைக்கத்தான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. பெரும்பாலும் வேண்டாம் என்பேன். அதே ஐஎஸ்ஓ தரம் நபர், உரிமை, நிலப்பகுதி மூன்றையும் தனித்தனியாக வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவை வேறு வேறு வேகத்தில் மாறுகின்றன, வேறு வேறு ஆட்கள் மாற்றுகிறார்கள். பதிவேடும் வரைபடமும் ஒரே டேட்டாபேஸில் இருந்தால் ஒரு வியூ எழுதி இணைத்துக் காட்டுங்கள். எப்போதும் புதியதாகவே இருக்கும், ஒத்திசைவு என்ற வேலையே இல்லை. கூடவே ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது. துண்டு லேயரை யாருக்காவது ஏற்றுமதி செய்து அனுப்பும்போது தனிநபர்களின் பெயர்கள் கூடவே போகாது. வியூ மெதுவாக இருந்தால் மெட்டீரியலைஸ்டு வியூ (விடையைச் சேமித்து வைக்கும் வியூ) வைத்து நேரம் குறித்துப் புதுப்பிக்கலாம்.

பதிவேடு வேறொரு அமைப்பில் இருந்து, கோப்பாக மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ஒத்திசைவு தவிர வழியில்லை. இதற்கு ஸ்கிரிப்டும் போதும், எஃப்எம்இ போன்ற, தரவு ஓட்டத்தைப் படமாக வரைந்து இணைக்கும் கருவியும் போதும். எஃப்எம்இ-க்கு உரிமச் செலவு உண்டு. ஆனால் நிரல் எழுதாதவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஓட்டம் கண்முன் இருக்கும், மாற்றங்களைக் கண்டறியும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமும் தயாராக இருக்கிறது. எதை எடுத்தாலும் முறை ஒன்றுதான். வந்த கோப்பை நேராகத் துண்டு அட்டவணையில் கொட்டாமல் ஒரு இடைநிலை அட்டவணையில் ஏற்றுங்கள். பிறகு ஒப்பிட்டால் மூன்று கட்டு கிடைக்கும்: இரண்டிலும் இருந்து மதிப்பு மட்டும் மாறியவை, பதிவேட்டில் இருந்து வரைபடத்தில் இல்லாதவை, வரைபடத்தில் இருந்து பதிவேட்டில் இல்லாதவை. முதல் கட்டை மட்டும் தானாக எழுதுங்கள். மற்ற இரண்டும் மனிதரின் மேசைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அவற்றுக்குப் பின்னால் ஒரு பிரிப்போ சேர்ப்போ தட்டச்சுப் பிழையோ இருக்கும். முதல் கட்டிலும், ஒரே இரவில் பாதி நிலங்களுக்கு உரிமையாளர் மாறியதாகத் தெரிந்தால் எழுதாமல் நிற்கும்படி ஒரு வரம்பு வையுங்கள். நிலங்கள் அப்படிக் கைமாறுவதில்லை. கோப்பில் ஒரு பத்தி இடம் மாறியிருக்கும்.

இணைக்கும் எண்தான் இந்த வேலையின் அச்சாணி. அதைக் கெடுப்பதில் விரிதாள்களுக்கு நிகர் இல்லை. எக்செலில் சிஎஸ்வி கோப்பை இருமுறை கிளிக் செய்து திறந்தால், 12/3 என்ற உட்பிரிவு எண் தேதியாக மாறிவிடும். 00457 என்பது 457 ஆகும். எக்செல் எண்களில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும், அதைவிட நீளமான நில அடையாள எண்ணின் வால் பூஜ்யங்களாகிவிடும். சேமித்துவிட்டால் பழையதை மீட்க முடியாது. ஆகவே நில எண் எப்போதும் எழுத்து வகை ஃபீல்டாகவே இருக்கட்டும். கியூஜிஐஎஸ்ஸில் சிஎஸ்வியைச் சேர்க்கும்போது அதே பெயரில் சிஎஸ்விடி கோப்பு ஒன்றை வைத்து வகைகளைச் சொல்லிவிடலாம். நடுவில் யாரும் விரிதாளில் திறந்து சேமிக்காத பாதையாக அமைப்பது அதைவிட முக்கியம்.

சரி, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்?

ஒருவர் அல்லது இருவர், கோப்பு வடிவில் தரவு, மாதத்துக்குச் சில பிரிப்புகள் என்ற அளவில் இருந்தால் ஜியோபேக்கேஜ் கோப்பும் கியூஜிஐஎஸ் படிவ இயல்பு மதிப்பும். பழைய ஷேப்ஃபைல் கோப்பு வடிவில் தொடர வேண்டாம், ஃபீல்டு பெயருக்குப் பத்து எழுத்துதான் தருகிறது. பலர் சேர்ந்து திருத்தினால், அல்லது வெவ்வேறு மென்பொருள்கள் ஒரே தரவைத் தொட்டால், போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் ட்ரிகரும். ஆர்க்ஜிஐஎஸ் ஏற்கெனவே ஊறிப்போன இடம் என்றால் அட்ரிபியூட் ரூல், பிரிப்பு அதிகமென்றால் பார்சல் ஃபேப்ரிக். இந்த எல்லா நிலையிலும் வெளிப் பதிவேட்டுத் தகவலுக்கு முதலில் வியூ, முடியாதபோது மட்டும் ஒப்பிட்டு எழுதும் ஒத்திசைவு. மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டிய ஃபீல்டுகளுக்குத் தானியங்கி எதுவும் வேண்டாம், தேர்வுப் பட்டியலும் கட்டாய நிரப்பலும் போதும். அதில் ஊகித்து நிரப்பிய மதிப்பு, காலியாக இருப்பதைவிட ஆபத்தானது. காலி என்றால் யாராவது கேட்பார்கள்.

தொடங்கும்போது ஒரே ஃபீல்டிலிருந்து தொடங்குங்கள். கணக்கிட்ட பரப்பளவு நல்ல தொடக்கம், ஏனென்றால் விடை சரியா என்று யாரும் சோதிக்கலாம். தானியங்கி மதிப்பைச் சில காலம் பக்கத்தில் தனி ஃபீல்டில் ஓடவிட்டு, பழைய எண்ணோடு எங்கெல்லாம் வேறுபடுகிறது என்று பாருங்கள். அந்த வேறுபாடுகளில் பாதி உங்கள் விதியின் பிழையாக இருக்கும், மீதி பல காலமாக அட்டவணையில் இருந்தும் யாரும் கவனிக்காத பிழையாக இருக்கும். இரண்டையும் தீர்த்த பிறகு பழைய ஃபீல்டை மாற்றுங்கள். பெரிய அளவில் தரவு ஏற்றும் நாளில் ட்ரிகரையோ ரூலையோ தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும், இல்லையென்றால் ஏற்றம் மணிக்கணக்கில் இழுக்கும். அப்படி நிறுத்துவதையும், ஏற்றிய பின் மறுகணக்கை ஓட்டுவதையும், திரும்ப இயக்குவதையும் ஒரே ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள். திரும்ப இயக்கும் படியை மனித நினைவுக்கு விட்டுவிடக் கூடாது.